ஸ்டூல் நோட்டு

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை ஐந்து. விடுதிக் குளியலறை வாசலில் எனக்கு முன்னால் பதினான்கு வாளிகள். வரிசையில் நிற்பவை வாளிகள்தாம். அவற்றுக்கு உரியவர்கள் சுவரில் சாய்ந்து தூங்குகிறார்கள். கனியக்கா நாலரைக்கே குளித்துவிட்டாள். அவளுடைய காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு நாளில் நான் உட்காரும் நேரம் இதுவும் சாப்பாட்டுக்கான இருபது நிமிடமும்தான்.

ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடி, காட்டன் சேலைப் பிரிவு. காலை ஒன்பதரை முதல் இரவு பத்து வரை. ஆடித் தள்ளுபடி நடக்கிறது. நேற்று ஒரு குடும்பம் நூற்றுப் பத்து சேலைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒரு உள்பாவாடை வாங்கிக்கொண்டு போனது. மடிப்பது கனியக்கா. பதினோரு வருடமாக மடிக்கிறாள். முழுப் பெயர் முத்துக்கனி, சாத்தான்குளம் பக்கம், முப்பத்து நான்கு வயது. மகள் ஊரில் ஆச்சியிடம் இருந்து எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். புருஷனைப் பற்றிக் கேட்டால், "அது கெடக்கு" என்பாள்.

இன்று அவள் காலைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது சரியில்லை. அவள் காட்டினாள். இடது கால். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் புடைத்துச் சுருண்டிருக்கின்றன. கணுக்காலுக்கு மேல், உள்பக்கத்தில், தோல் பழுப்பாகித் தடித்துவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினாள். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. குழி நிரம்பும்வரை நான் எண்ணினேன். நாற்பத்திரண்டு.

"என்னத்தட்டி தெனமும் எழுதுத?"

"இன்னைக்கு உங்க காலைப் பத்தித்தான்க்கா."

"எழுது எழுது. எம்.ஏ. எழுதுனா எங்காலுக்கும் ஒரு மரியாத வரும்."

நான் எம்.ஏ.யை முடிக்கவில்லை. இரண்டாம் வருடம் பாதியில் நின்றுவிட்டது. இங்கே அந்த வித்தியாசம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஹெப்சிபா என்ற பெயரைவிட எம்.ஏ. கூப்பிடச் சுலபம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று சனிக்கிழமை. எழுத ஒன்றும் இல்லை. கால்கள் மட்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

மாடி மேனேஜர் லிங்கதுரை சார் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடாத மனிதர். திட்டும்போதுகூட "ம்மா" சேர்த்துத்தான் திட்டுவார்.

கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோதே ஸ்டூல்கள் வந்துவிட்டன. நீல பிளாஸ்டிக். மாடிக்குப் பன்னிரண்டு. கவுண்டருக்கு அடியில் இருக்கின்றன. அவற்றின்மேல் வாடிக்கையாளர்களின் பைகள் உட்காரும், குழந்தைகள் உட்காரும். எங்களில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. உட்கார்ந்தவளுக்கு அடுத்த வாரம் பிரிவு மாறும். சொல்லப்படாத விதியைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வுக்கு வரலாமாம். அதனால் ஒரு நோட்டு. நீள நோட்டு, கோடு போட்டது. பெயர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், கையெழுத்து. மாடியில் இருபத்திரண்டு பேர். எழுத வேண்டியது நான்.

"உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கும்மா. இத நீ பாத்துக்க."

எழுதுவதற்காக நடுத்தூண் அருகே எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். முதுகுள்ள நாற்காலி.

ஆகஸ்ட் 20, புதன்

நேற்று கனியக்காவுக்கு விடுமுறை முறை. என் முறையை வேறொருத்தியிடம் மாற்றிக்கொண்டு அவளோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தக்குழாய்ப் புறநோயாளிப் பிரிவில் மூன்று மணி நேரம் வரிசை. பெஞ்சு இருந்தது. கனியக்கா உட்காரவில்லை. "பழக்கமில்லட்டி" என்றாள். சிரித்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். எங்களைவிட அதிகமாக நின்றிருப்பாள் போல, ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். என்ன வேலை என்று கேட்டாள்.

"நிக்கிற வேலை" என்றாள் கனியக்கா.

நிற்க வைத்தே ஸ்கேன் எடுத்தார்கள். நீலமும் சிவப்புமாக ஏதோ கணினியில் ஓடியது. டாக்டர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். காலின் ரத்தக் குழாய்களில் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. ரத்தம் மேலே ஏறியதும் கதவு சாத்திக்கொள்ள வேண்டும். வருடக்கணக்கில் நின்றால் கதவுகள் தளர்ந்துவிடும். ஏறிய ரத்தம் திரும்பிக் கீழே விழும். தேங்கும். அதன் எடையில் கால் வீங்கும், தோல் கறுக்கும், பிறகு புண்ணாகும். நடந்தால் கெண்டைக்கால் தசை பிழிந்து மேலே தள்ளும். சும்மா நின்றால் தள்ள ஆளில்லை.

செய்ய வேண்டியவை:
இறுக்கமான காலுறை. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே போட வேண்டும். இறங்கிவிட்டால் வீக்கம் ஏறிவிடும்.
படுக்கும்போது கால், நெஞ்சைவிட உயரத்தில்.
நடக்கலாம். நிற்கக் கூடாது.
அக்டோபர் 7 லேசர் சிகிச்சை. கெட்டுப்போன குழாயை உள்ளே சுட்டு மூடுவது. காப்பீட்டு அட்டை போதும். பிறகு ஒரு வாரம் நிற்கும் வேலை ஆகாது.
கணுக்கால் பக்கம் தோல் மெலிந்திருக்கிறது. குழாய் உடைந்து ரத்தம் வந்தால் படுக்க வைத்து, காலைத் தூக்கி, அழுத்திப் பிடி. உட்கார வைக்காதே.

திரும்பும்போது பஸ்ஸில் கனியக்கா தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னாள். லேசர்கூட இரண்டாவதுதான். நான்காவது மாடியில் டேக் அறை இருக்கிறது. சேலைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டும் இடம். ஆறு பேர், நீள மேசை, பெஞ்சு. அங்கே வேலையே உட்கார்ந்துதான். அந்த அறை கிடைத்தால் மகள் பன்னிரண்டு முடிக்கும்வரை ஓட்டிவிடலாம் என்றாள். கிடைக்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலுறை போடுவது இருவர் வேலை. விரல் பக்கம் திறந்த வகை, ஆனாலும் ஏறுவதில்லை. கனியக்காதான் வழி கண்டுபிடித்தாள். சேலை வரும் பிளாஸ்டிக் கவரைப் பாதத்தில் மாட்டி அதன்மேல் காலுறையை இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஏறிவிடுகிறது. பிறகு விரல் வழியாகக் கவரை உருவிவிட வேண்டும். கவரில் கடையின் பெயர். காலடியில் கடையின் பெயர்.

இரவில் அவள் டிரங்குப் பெட்டியைக் கால்மாட்டில் வைத்து அதன்மேல் காலைப் போட்டுத் தூங்குகிறாள். மேல் கட்டிலிலிருந்து பார்த்தால் அந்தரத்தில் ஒரு கால்.

செப்டம்பர் 3, புதன்

காலுறையில் வீக்கம் பாதியாகிவிட்டது. நேற்று அழுத்திப் பார்த்தோம். பதினெட்டு எண்ணுவதற்குள் நிரம்பியது.

ஸ்டூல் நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டேன். யாரும் சொல்லவில்லை. 'காரணம்.' மற்றவர்கள் பயந்துகொண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்காருகிறார்கள், அதுவும் ஐந்து நிமிடம். கனியக்காவை மட்டும் நான் வற்புறுத்தி உட்கார வைக்கிறேன். எழுதுகிறேன்.

முத்துக்கனி. 11.40 – 12.05. இடது கால் வீக்கம், டாக்டர் சீட்டு உண்டு.
முத்துக்கனி. 4.15 – 4.30. அதே.
முத்துக்கனி. 7.10 – 7.30. அதே. குழி 30.

இப்படி ஒரு மாதம் சேர்ந்தால் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. நோட்டைப் பிரித்தாலே தெரிந்துவிடும், இவளுக்கு டேக் அறை வேண்டும் என்று. சான்றுகளைச் சரியாக அடுக்கினால் முடிவு தானாக வரும். ஆய்வேட்டுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

என் கால்வலி குறைந்திருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

சேலை மடிப்பிலிருந்து விழுந்த குண்டூசி கனியக்காவின் கணுக்காலில் கீறிவிட்டது. பத்து நாள் முன்பு. கீறல் ஆறாமல் புண்ணாகி, இப்போது ஒரு ரூபாய் அளவு. ஓரம் வழவழப்பாக இருக்கிறது. வலிக்கவில்லை என்கிறாள். அரிக்கிறதாம்.

பக்கத்து கிளினிக்கில் புண் ஆறும்வரை காலுறை வேண்டாம், பாதம் முதல் முழங்கால் வரை சுற்றுக்கட்டுப் போடு என்றார்கள். பஞ்சு, அதன்மேல் அழுத்தக்கட்டு. பாதத்தில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. நர்ஸ் கட்டுவதை நான் பார்த்துப் படித்துக்கொண்டேன். இப்போது காலையில் வாளி வரிசைக்கு முன் என் முதல் வேலை அது.

"ஊர்ல எவனும் எங்காலத் தொட்டதில்ல" என்றாள். "நீ ஒருத்திதான்."

செப்டம்பர் 23, செவ்வாய்

லிங்கதுரை சார் ஸ்டூல் நோட்டை ஆபீசுக்கு எடுத்துப் போனார். நானே கொடுத்தேன். கனியக்காவின் டாக்டர் சீட்டையும் அக்டோபர் 7 தேதிச் சீட்டையும் உள்ளே வைத்துக் கொடுத்தேன். டேக் அறை பற்றி இரண்டு வாக்கியம் சொன்னேன். ஒத்திகை பார்த்த வாக்கியங்கள். கேட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 25, வியாழன்

கனியக்காவை மாற்றிவிட்டார்கள். ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரை வாசலில்.

வாசல் என்றால் வரவேற்பு. பட்டுச் சேலை கட்டி, சந்தனக் கும்பாவும் பன்னீர்ச் செம்புமாக நின்று, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். அங்கே கவுண்டர் இல்லை. கவுண்டர் இல்லாததால் அடியில் ஸ்டூலும் இல்லை.

லிங்கதுரை சாரிடம் போனேன். அவர் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"மத்த பிள்ளைங்க வாரத்துக்கு ஒருக்க உக்காருதும்மா. இது நாளைக்கு மூணு வாட்டி. நானா சொல்லுதேன்? நோட்டு சொல்லுது. ஆபீஸ்ல கேக்காங்க, சேல்ஸ்ல இப்படி ஒரு ஆள் எதுக்குன்னு. வீட்டுக்கு அனுப்பச் சொன்னாங்க. நான்தான் பேசி வாசல்ல போட்டிருக்கேன். மடிக்க வேண்டாம், தூக்க வேண்டாம். காத்தோட்டமா நிக்கலாம்."

டேக் அறை?

"தீபாவளி கழியட்டும்மா."

கனியக்காவிடம் சொன்னேன். நோட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. காற்று வரும் என்பதைச் சொன்னேன்.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று பூஜை. கடை முழுக்க பொரி, அவல். ஸ்டூல் நோட்டுக்கும் சந்தனம் வைத்தார்கள்.

வாசலில் கனியக்காவின் முதல் நாள். சேலைக்குக் கீழே சுற்றுக்கட்டு தெரிகிறது என்று வாசல் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கட்டுப் போட்ட காலாக இருக்கக் கூடாதாம். மங்கலமான இடம். ஆகவே காலையில் நான் கட்டிய கட்டை அவள் கழிப்பறையில் அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு, புண்ணின்மேல் சின்னப் பிளாஸ்திரி மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். இரவு பத்துக்கு மேல் திரும்ப நான் கட்டுகிறேன்.

நேற்று இரவு அழுத்திப் பார்க்கவில்லை. அழுத்த வேண்டியிருக்கவில்லை. செருப்பு வாரின் தடமே ஒரு விரல் ஆழம்.

அக்டோபர் 4, சனி

இன்று மூன்றாவது மாடியில் யாரும் உட்காரவில்லை. நோட்டில் நாற்பத்து நான்கு வரிகள்.

தலைக்கு இரண்டு தடவை வர வேண்டும் என்று லிங்கதுரை சார் சொல்லியிருக்கிறார். 'காரணம்' கட்டம் வேண்டாம் என்றும். கூட்டத்தில் எழுத முடியாது என்பதால் காலையில் கடை திறக்கும் முன்பே அன்றைய நாளை எழுதி முடித்துவிடுகிறேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று மாற்றி மாற்றி. ஒரே மாதிரி இருந்தால் நம்ப மாட்டார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

முத்துக்கனியின் பெயர் பட்டியலில் இன்னும் எங்கள் மாடியில்தான் இருக்கிறது. வாசலுக்கு மாற்றியதற்குக் காகிதம் எதுவும் இல்லை. நீக்கட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும்மா என்றார். அவள் கையெழுத்தை இரவு கட்டுப் போடும்போது வாங்கிக்கொள்கிறேன். என்ன என்று அவள் கேட்பதில்லை. பெயரை எழுத்துக்கூட்டிப் போடுவாள். மு, த், து.

மற்றவர்களுக்குப் பதினைந்து நிமிடம்தான். அவளுக்கு மட்டும் நாற்பது கொடுத்தேன்.

அக்டோபர் 8, புதன்

நேற்று 7. லேசருக்குப் போகவில்லை. தீபாவளி கழியட்டும்.

அக்டோபர் 13, திங்கள்

நேற்று ஞாயிறு, தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு. முழுவதையும் எழுத முயல்கிறேன்.

மாலை ஐந்து இருபது. நடுத்தூண் அருகே என் நாற்காலியில் இருந்தேன். பில் கவுண்டர் பெண்ணுக்குக் கீழேயிருந்து இன்டர்காம் வந்தது. அவள் என்னைப் பார்த்து, "எம்.ஏ., ஒங்க அக்காவுக்கு என்னமோ" என்றாள். லிஃப்ட் முன்னால் நாற்பது பேர். படியில் இறங்கினேன். ஏறுகிறவர்களின் பைகளுக்கு நடுவில் மூன்று மாடி.

முதலில் பார்த்தது ஒரு குழந்தையாம். "அம்மா, ஆரத்தி கொட்டிருச்சு" என்றதாம். எல்லாரும் ஆரத்தி என்றே நினைத்து, மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிக் கடைக்குள் வந்திருக்கிறார்கள். கனியக்காவும் குனிந்து பார்க்கவில்லை. வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். கால் ஈரமாக இருப்பதைப் பன்னீர் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள்.

நான் போனபோது அவளை உட்கார வைத்திருந்தார்கள். காவலாளி அவருடைய நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தார். இத்தனை நாளில் வாசலுக்கு வந்த முதல் நாற்காலி. எல்லாரும் நல்ல மனதோடு அவளைத் தோளில் பிடித்து அமுக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சோடா கொடுத்தார். கால் தொங்கிக்கொண்டிருந்தது. கணுக்காலில் ஒரு மொட்டுப் போன்ற இடத்திலிருந்து மெல்லிய கம்பியாக ரத்தம் பீச்சியது. உட்கார உட்கார அதிகமாகியிருக்கிறது.

அவளை இழுத்துத் தரையில் கிடத்தினேன். காலைத் தூக்கி என் தோளில் வைத்து, பக்கத்து மேசையிலிருந்த புது வேட்டியை மடித்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். நின்றுவிட்டது. அவ்வளவு எளிது. ஒரு குழாயை மூடுவதுபோல். ஆகஸ்டில் டாக்டர் சொன்னது வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. எழுதி வைத்ததால்.

"தரையில போட்டுட்டியேட்டி" என்றாள். உதடு வெளுத்திருந்தது. "பட்டு அழுக்காவும்."

ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம். அதுவரை பக்கவாட்டுக் கதவு வழியாகக் கூட்டத்தை விட்டார்கள். என் தோளில் அவள் கால். அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. இரவு மாடிக்குத் திரும்பி என் பையை எடுக்கும்போது நோட்டு மேசையில் திறந்தே கிடந்தது. அன்று காலை நான் எழுதியது.

முத்துக்கனி. 5.00 – 5.40.

அக்டோபர் 15, புதன்

லிங்கதுரை சார் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நீ மட்டும் அந்த நேரம் வரலைன்னா என்று சொல்லி நிறுத்தினார். அவர் கண் கலங்கியது. நடிப்பில்லை.

பிறகு தனியாகக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் என்ன வேலை, எங்கே நின்றாய் என்றெல்லாம் எழுதிக்கொண்டு தொழிலாளர் துறைக்கு அனுப்பிவிட்டார்களாம். தீபாவளி முடிந்ததும் விசாரணைக்கு வருவார்கள். வாசலில் நின்றதால்தான் இப்படி ஆயிற்று என்று முடிவானால் கடை வைத்தியம் பார்க்க வேண்டும், உட்காரும் வேலை தர வேண்டும்.

அப்படியானால் டேக் அறை, என்றேன்.

"ஆனா அது வாசல்ல நின்னுச்சுன்னு எங்கம்மா எழுதியிருக்கு?"

நோட்டை என் பக்கம் திருப்பினார். அதே திருப்பல்.

"மூணாவது மாடியில நாப்பது நிமிஷம் உக்காந்திருக்கு. அந்த நேரத்துல தானா எந்திரிச்சி கீழ போயிருக்கு. அதோட கையெழுத்தும் இருக்கு. எழுதுனது யாரு?"

நான்.

"பொய்யின்னு சொன்னா, பொய் எழுதுனது நீயின்னுதான ஆவும்? படிச்ச பிள்ள. யோசி."

அந்தக் கையெழுத்தைச் சனிக்கிழமை இரவு, மறுநாளைக்காக, கட்டுப் போடும்போது வாங்கினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடை இல்லை. விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். குளியலறை காலி. வாளி வரிசை இல்லாமல் குளித்தேன். கனியக்காவின் வாளி கட்டிலுக்கு அடியில். அதற்குள் ஒரு சேலைக் கவர், ஒரு காலுறை.

அக்டோபர் 23, வியாழன்

கனியக்கா போன் செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குப் போய்விட்டாள். ஒரு மாதம் படுக்கை, கால் உயரத்தில். புண் ஆறினால் லேசர். ஆறாவிட்டால் தோல் ஒட்டுவார்களாம். மகள் பக்கத்தில் பேசுவது கேட்டது. விசாரணைக்குத் தன்னையும் கூப்பிட்டார்களாம். எழுந்து வர முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

"நான் எதுக்குட்டி வரணும்? நீ இருக்கேல்லா. எங்க அம்மைட்டயும் சொல்லிட்டேன். எம்.ஏ. எல்லாத்தயும் எழுதி வச்சிருக்கா, நான் நின்னது, வீங்குனது, ஒண்ணு விடாம. அந்தப் பச்ச டைரிய எடுத்து நீட்டுனா போதும், டேக் ரூம்ப குடுத்துத்தான் ஆவணும்னு சொல்லிட்டேன்."

சரிக்கா என்றேன்.

"சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

வரும் திங்கள் முதல் டேக் அறைக்கு நான் பொறுப்பு. லிங்கதுரை சார் சொன்னார். ஆபீசில் என் எழுத்து எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம்.

முதல் பக்கத்திலிருந்து இந்த டைரியை ஒருமுறை படித்தேன். சாட்சியம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அக்டோபர் 4 பக்கத்தையும் சேர்த்து. அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுத்தால் மற்றவை போதுமா என்று யோசித்தேன். கிழித்தால் பின்னால் ஒட்டியிருக்கும் பக்கமும் வந்துவிடும். தையல் அப்படி.

நல்ல காரணம். எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

நேற்று காலை பதினொன்றரைக்கு விசாரணை. ஆபீஸ் அறை. அதிகாரி ஐம்பது வயதுக்காரர், கண்ணாடி, பொறுமையானவர். வந்ததும் முதலில் என்னிடம், "உக்காருங்கம்மா" என்றார். லிங்கதுரை சார் சுவரோரம் நின்றார்.

நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எழுத்து தெளிவாக இருக்கிறது என்றார். இந்த வரிகள் உங்கள் கையில் எழுதியவையா? ஆம். அக்டோபர் 12, ஐந்து முதல் ஐந்து நாற்பது, இதுவும்? ஆம். அந்தப் பெண் அப்போது மூன்றாவது மாடியில் இருந்தாரா? நோட்டில் இருப்பதுதான் சார். செப்டம்பரில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, பிறகு ஏன் இல்லை? அதற்கு லிங்கதுரை சார் பதில் சொன்னார்.

அதிகாரி பேனாவை மூடவில்லை. அவருக்கு ஏதோ போதவில்லை என்று தெரிந்தது. இன்னும் ஏதாவது வேண்டும் என்றுதான் காத்திருந்தார்.

"இது தவிர நீங்க வேற ஏதாவது குறிச்சு வச்சிருக்கீங்களாம்மா? அந்தப் பெண் அப்படி ஒண்ணு இருக்கிறதா சொல்றாங்க."

என் பை காலடியில் இருந்தது. பைக்குள் இது இருந்தது. பை என் கணுக்காலில் சாய்ந்திருந்தது.

இல்லை என்றேன்.

மணி 11.52. உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன்.